ஐஸ் இயந்திரத்தில் கேஸ் ஏற்றுவதற்கு முன்

உணவகங்களில் கட்டி ஐஸ் தயாரிக்கும் இயந்திரம், குளிர்பதன வாயுவை (கேஸ்) அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வேலைகளை மாறி மாறிச் செய்கிறது. முதலில், கட்டம் கட்டமாக அமைந்த எவாப்பரேட்டர் (குளிரூட்டும் பகுதி) தகட்டின்மீது ஓடும் தண்ணீர் படலம் படலமாக உறைகிறது. போதிய கனம் சேர்ந்ததும் ஹாட் கேஸ் வால்வு திறந்து, கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் சூடான வாயுவை, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் வழியாக அல்லாமல் நேரே எவாப்பரேட்டருக்குள் விடுகிறது. தகட்டை ஒட்டிய ஐஸ் மட்டும் சற்றே உருக, பாளம் நழுவிக் கீழே விழுகிறது. உறையும் கட்டத்தில் சக்ஷன் அழுத்தம் (கம்ப்ரசருக்குத் திரும்பும் வாயுவின் அழுத்தம்) படிப்படியாக இறங்கி, பாளம் விழும் கட்டத்தில் சட்டென ஏறுவதால், எந்த நிமிடத்தில் எடுத்தது என்று தெரியாத கேஜ் அளவுக்குப் பொருளே இல்லை.

ஐஸ் குறைகிறது என்றதும் கேஸ் ஏற்றுவது பரவலான பழக்கம்; பெரும்பாலும் வீண் வேலை. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து அது 40 டிகிரியில் வந்தால், 0 டிகிரிக்குக் கொண்டுவரவே மேலும் 167 கிலோஜூல், அதாவது பாதியளவு, கூடுதல் சுமை. ஆகவே கோடையில் உற்பத்தி குறைவது இயல்பே. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைத்த கண்டென்சரும், உப்புப் படிந்து பாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் தகடும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

இவை சரியாக இருந்தால்தான் குளிர்பதனச் சுற்றைச் சந்தேகிக்க வேண்டும். சக்ஷன் அழுத்தம் குறைந்து, எவாப்பரேட்டரின் வெளியேறும் முனைப் பக்கம் ஐஸ் மெலிந்திருந்தால், கேஸ் குறைவாக இருக்கலாம், அல்லது எவாப்பரேட்டருக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு போதிய அளவு திறக்காமல் இருக்கலாம். அழுத்தம் இறங்காமல் உயர்ந்தே நின்றால் விஷயம் வேறு. உறையத் தொடங்கிச் சுமார் ஐந்து நிமிடம் கழித்து ஹாட் கேஸ் வால்வின் இருபுறக் குழாய்களின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் முந்தைய சுற்றின் சூடே ஏமாற்றிவிடும். வெளியேறும் பக்கமும் உள்ளே வரும் பக்கத்தைப் போலவே சுட்டால், மூடியிருக்க வேண்டிய வால்வு கசிகிறது. வெளியேறும் பக்கம் ஆறியிருந்து, கம்ப்ரசரிலிருந்து வாயு வெளிவரும் டிஸ்சார்ஜ் குழாயும் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தால், எக்ஸ்பான்ஷன் வால்வு அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் குழாயில் சூடு இருந்தால் கம்ப்ரசரே தளர்ந்திருக்கக்கூடும்.

சுற்றைத் திறக்க நேர்ந்தால் பழைய கேஸைக் காற்றில் விடாமல் மீட்புச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். ஆர்-404ஏ என்ற குளிர்பதன வாயு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 3,900 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. பற்றவைக்கும்போது குழாய்க்குள் உலர் நைட்ரஜன் மெல்ல ஓட வேண்டும். இல்லையேல் உட்புறம் கருகிய செதில்கள் உதிர்ந்து வால்வை அடைக்கும். ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாட்டிய பின், பம்பால் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை வாக்குவம் இழுத்து, பம்பைத் துண்டித்துவிட்டுக் கேஜைக் கவனிக்க வேண்டும். அளவு சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. நிற்காமல் ஏறினால் கசிவு இருக்கிறது.

கேஸைப் பெயர்ப்பலகையில் உள்ள எடைப்படி, தராசில் வைத்தே ஏற்ற வேண்டும். ஆர்-404ஏ மூன்று வாயுக்களின் கலவை என்பதால், விகிதம் மாறாதிருக்க அது சிலிண்டரிலிருந்து திரவமாகவே வெளிவர வேண்டும். புரொப்பேனில் இயங்கும் பல சிறிய இயந்திரங்களில் மொத்தக் கேஸே 150 கிராமுக்குள்தான். அங்கே கேஜ் ஹோஸில் தங்கிவிடும் கேஸ்கூடக் கணக்கைக் கெடுக்கும். அது எரியும் வாயு என்பதால், குழாயைக் கட்டரால்தான் வெட்ட வேண்டும். உள்ளே நைட்ரஜன் செலுத்தி முழுதாக வெளியேற்றும்வரை அருகில் தீப்பொறியே கூடாது.