வாற்கோதுமை: உமி நீக்கியதும் தீட்டியதும்

மளிகைக் கடையில் பார்லி என்று கேட்டு வாங்கும் தானியத்துக்கு வாற்கோதுமை என்ற தமிழ்ப்பெயர் உண்டு. கதிரில் ஒவ்வொரு மணியின் நுனியிலிருந்தும் நீண்டு நிற்கும் கூர்மையான இழையை வாலாகக் கண்டு வைத்த பெயர் இது. வால் என்பதோடு கோதுமை புணரும்போது லகரம் றகரமாகத் திரிகிறது. தாவரவியலில் இது கோதுமையின் வகையன்று, வேறொரு பேரினம். ஆயினும் குளூட்டன் எனப்படும் பசையப் புரதம் இரண்டிலும் இருப்பதால், கோதுமையைத் தவிர்க்க வேண்டிய பசைய ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது என்பதைப் பார்லி என்ற சொல்லைவிட இப்பெயரே நினைவூட்டுகிறது.

வடமொழியில் இது யவம். இந்தியில் வழங்கும் ஜௌ அதிலிருந்து வந்தது. 8 யவ மணிகளின் அகலத்தை ஓர் அங்குலமாகக் கொண்ட பழைய அளவையும் உண்டு. பார்லி என்பது ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்த சொல். அம்மொழியில் களஞ்சியத்தைக் குறிக்கும் பார்ன் என்பதும், பழங்காலத்தில் 'பார்லி வீடு' எனப் பொருள்பட்ட கூட்டுச்சொல்லின் தேய்ந்த வடிவமே.

முழுத்தானியம் எது என்பதில்தான் சொற்குழப்பம் மிகுதி. கதிரடித்த பின்னும் இதன் உமி மணியோடு ஒட்டியே இருக்கும். தவிடு சிதையாமல் அவ்வுமியை மட்டும் அகற்றியதே உமி நீக்கிய வாற்கோதுமை. இதன் ஆங்கிலப் பெயரான ஹல்டு (hulled) பார்லி என்பதை 'உமியோடு கூடியது' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். திபெத்திலும் லடாக்கிலும் விளைவது, அடிக்கும்போதே உமி கழன்றுவிடும் வகை. திபெத்தியர் அதை வறுத்து அரைத்து, வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்கின்றனர். உமி நீக்கியதும், தானே உமி கழலும் இவ்வகையும் முழுத்தானியங்கள். நம் வீடுகளில் கஞ்சிக்குப் பெரிதும் பயன்படும் வெண்ணிற முத்துப் பார்லியோ தவிடு போகத் தீட்டப்பட்டது. மணி உடையாமல் இருப்பதாலேயே அது முழுத்தானியம் ஆகிவிடாது. அரிசிக்குச் சொல்வதுபோலவே இதையும் 'தீட்டிய வாற்கோதுமை' என்று வழங்குவதே பொருத்தம் என்பேன். ஆனால் இதன் நார்ச்சத்து தவிட்டில் மட்டுமன்றி மணியின் உட்பகுதியிலும் பரவியிருப்பதால், தீட்டியதிலும் ஓரளவு எஞ்சுகிறது. கஞ்சிக்குக் கொழகொழப்பைத் தருவதும் அந்த நார்ப்பொருளே.

உமி நீக்கியதை இரவே ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் விட்டு, சிறுதீயில் 45 முதல் 60 நிமிடம் வரை வேகவிட வேண்டும். தீட்டியதற்கு ஊறல் கட்டாயமில்லை. 25 முதல் 40 நிமிடம் போதும். முழுமணி வெந்த பின்னும் சோறுபோலக் குழையாது, மெல்லுவதற்குச் சற்று உறுதியாகவே இருக்கும். அதை வேகாக்குறை என்று எண்ணி மேலும் கொதிக்கவிட வேண்டியதில்லை.