கூரைப்பாலம்: சொல் விளக்கம்

'கவர்டு பிரிட்ஜ்' என்பதைத் தமிழில் 'மூடிய பாலம்' என்று எழுதினால், ஏதோ வேலை நடக்கிறது, போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கூரைப்பாலம்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. மரத்தால் கட்டி, மேலே கூரை போட்டு, பெரும்பாலும் இருபுறமும் பலகை அடைத்த பாலம் இது.

'கவர்' என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் 'முழுக்க மூடு' என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினை. தெற்குச் சீனாவில் வாழும் தோங் மக்களின் கூரைப்பாலங்களுக்குச் சீன மொழியில் 'காற்று மழைப் பாலம்' என்று பெயர். அழகான பெயர், ஆனால் அது பாலத்தில் ஒதுங்கும் ஆளை நினைத்து வைத்தது.

அமெரிக்காவில் கூரை போட்டது ஆளுக்காக அல்ல, பாலத்துக்காக. பாரத்தைத் தாங்குவது இருபக்கமும் நிற்கும் மரச்சட்டகம். அதன் இணைப்புகளில் மழைநீர் இறங்கினால் பத்து, இருபது வருடத்தில் மரம் உளுத்துவிடும்; நனையாமல் காத்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். பிலடெல்பியாவில் 1805-இல் திமதி பால்மர் கட்டிய பாலத்துக்குக் கூரை போடச் சொன்னவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. அந்த நாட்டின் முதல் கூரைப்பாலம் அதுதான் என்பார்கள். பனி விழாமல் இருக்கத்தான் கூரை என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில், குளிர்காலத்தில் சறுக்குவண்டிகள் ஓட வேண்டுமே என்று, வெளியே கிடந்த பனியை வாரி வந்து பாலத்துக்குள் கொட்டினார்கள்!

கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள, நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்ற இரண்டு அமெரிக்க மாநிலங்களை இணைக்கும் கார்னிஷ்-வின்ட்சர் பாலத்தைப் பார்க்கலாம். கனெக்டிகட் ஆற்றில் அதே இடத்தில் முன்பு இருந்த மூன்று பாலங்களை வெள்ளம் கொண்டுபோனது. 1866-இல் ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா பிளெட்சரும் 9,000 டாலர் செலவில் நான்காவதைக் கட்டினார்கள். சட்டகத்தை முதலில் பக்கத்துப் புல்வெளியில் பூட்டிப் பார்த்து, அப்புறம் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நீளம் சுமார் 449 அடி. நடுவில் ஒரே ஒரு தூண். இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை வாங்கிய பின்னல் சட்டகம்தான் அடிப்படை: மரங்களைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்று வெட்டிக்கொள்ளும் இடங்களில் இறுக்குவது. டவுன் பலகைகளை வைத்தார். டாஸ்கர் கனமான சதுர உத்தரங்களை எடுத்து, சந்திக்கும் இடத்தில் பள்ளம் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தினார். நுணுக்கமான தச்சு வேலை அது. 1943 வரை அங்கே சுங்கம் வாங்கினார்கள். 'குதிரையை ஓடவிடாமல் நடத்திச் செல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம்' என்ற பலகை இன்றும் வாசலுக்கு மேலே இருக்கிறது. இப்போது கார்கள் போகின்றன.

சரி, 'மூடுபாலம்' என்று சொல்லக்கூடாதா? சொல்லலாம், ஆனால் அதில் நாலாபுறமும் அடைத்த தோற்றம் வருகிறது. தோங் பாலங்களின் பக்கங்கள் திறந்தே இருக்கும். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலமும் அப்படித்தான். எல்லாவற்றிலும் தவறாமல் இருப்பது கூரை. அதனால் 'கூரைப்பாலம்' என்றே எழுதலாம். பக்கமும் அடைத்திருந்தால் 'பலகை அடைத்த கூரைப்பாலம்' என்று சேர்த்துக்கொள்ளலாம். ரயில் நிலையங்களில் பயணிகள் நனையாமல் இருக்க மேலே தகடு போட்ட இரும்பு நடைமேம்பாலத்துக்கு இந்தச் சொல் வேண்டாம்.