பதிப்பு எண் இல்லாத விளக்கத்தை நம்பாதீர்கள்

0.1 என்ற எண்ணைப் பத்து தடவை கூட்டினால் 1 வரவேண்டும். பைதான் நிரல்மொழியில் எண்களைக் கூட்டித் தரும் சம் ஃபங்ஷனிடம் கேட்டால் 3.11 பதிப்பு வரை 0.9999999999999999 என்று சொல்லும். 3.12 முதல் 1.0. தசம எண்களைக் கூட்டும் முறையையே அந்தப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள். புதுச்சேரியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் லேப்டாப்பில் ஆளுக்கொரு பதிப்பு இருக்கும். ஒரே பெஞ்சில் இரண்டு விடை வந்தால், பாவம், தங்கள் நிரலைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

இந்த மாற்றத்தை எங்கேயும் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள், ஆனால் பாதி பேர் பார்க்காத இடத்தில். பைதானின் இணைய ஆவணத்தில் சம் பகுதியின் அடியில் '3.12இல் மாறியது' என்ற குறிப்பு உண்டு. டெர்மினலில் ஹெல்ப் கொடுத்துப் பார்த்தால் அது கிடையாது. உள்ளமைந்த ஃபங்ஷன்களுக்கு விளக்கம் இரண்டு இடங்களில் இருப்பதுதான் காரணம். ஹெல்ப் காட்டும் சிறு விளக்கம் சி மொழியில் எழுதிய மூல நிரலோடு இருக்கிறது. விரிவான விளக்கம் தனிக் கோப்பில். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாக மாறாது.

எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனின் கதை பழையது. பைதான் 2இல் 2.5ஐக் கொடுத்தால் 3.0 வரும், பைதான் 3இல் 2 வரும், சரிபாதியாக இருந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வதால். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. ஜெராக்ஸ் கடை நோட்ஸுக்கு அது இன்னும் தெரியாது.

தமிழில் வேலை செய்பவர்களை அதிகம் படுத்துவது கோப்பைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷன். என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை, எது என்று சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், விண்டோஸ் கணினியின் அமைப்பில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலும் அது தமிழ் எழுத்துகள் இல்லாத 1252 என்ற விண்டோஸ் முறை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 முறையில் சேமித்த வாடிக்கையாளர் பட்டியலை அப்படித் திறந்தால் புள்ளி இல்லாத பெயர்கள் பல கிறுக்கலாக வரும். 'பாகூர்', 'நெல்லிக்குப்பம்' என்று புள்ளி வந்ததும் நிரலே நின்றுவிடும். புள்ளிக்கான மூன்று பைட்டுகளில் கடைசியான 8டி (பதினாறடிமான எண்), 1252இல் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படவில்லை. 3.15 முதல் யூடிஎஃப்-8 இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரைக்கும் சரி, அப்புறமும் சரி, என்கோடிங்கை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எந்தப் பதிப்பிலும் ஒரே மாதிரி நடக்கும்.

அலுவலகத்தில் ஃபங்ஷன் விளக்கம் எழுதுகிறவர்களிடம் நான் கறாராக இருப்பது பதிப்பு எண்ணில்தான். விளக்கமே இல்லையென்றால் நிரலர் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பழைய விளக்கம் கையில் இருந்தால் ஓட்டிப் பார்க்கவே மாட்டார். பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதும் போதாது. பழைய பதிப்பில் இருப்பவருக்கு அப்போது எதுவும் மிஞ்சாது. என்ன மாறியது, எதிலிருந்து மாறியது, இரண்டையும் எழுதுங்கள்.

உதாரணம் கொடுத்தால் விடையைக் கையால் தட்டாதீர்கள், ஓடியதிலிருந்து ஒட்டுங்கள். பைதானோடு வரும் டாக்டெஸ்ட் மாட்யூல், விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணங்களை ஓட்டி, பொருந்தாதவற்றைக் காட்டிக்கொடுக்கும். சர்வரில் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்பே அதை ஓட்டிவிடுங்கள்.