இரண்டு மாத அட்வான்ஸ் என்ற செய்தியும் வேலூரின் வாடகை வீடுகளும்

"இனி இரண்டு மாத வாடகைக்கு மேல் யாரும் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, நாடாளுமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது" என்ற வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, தாம் கொடுத்திருக்கும் பத்து மாத அட்வான்ஸில் எட்டு மாதப் பணத்தை மீட்டுத் தர முடியுமா என்று கேட்டு, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்காடும் எங்களிடம் பலர் வருகிறார்கள். தொரப்பாடியிலும் காட்பாடியிலும் கொசப்பேட்டையிலும் குடியிருக்கும் உழைப்பாளிகள் அவர்கள். அந்தப் பணம் அவர்களுக்குப் பெரிய பணம். அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் நடப்பில் இல்லை என்று அவர்களிடம் சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இல்லாத சட்டத்தை நம்புகிறவர்கள், இருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பையும் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் செய்தியின் வேர், 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம். குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை, கடை போன்றவற்றுக்கு ஆறு மாத வாடகை என்று முன்பணத்துக்கு அது உச்சவரம்பு வைத்தது உண்மை. ஆனால் அது மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்வதற்காக அனுப்பப்பட்ட மாதிரி வரைவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமன்று. நிலமும் வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர் இடையிலான உறவும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 18ஆம் இனமாக இருப்பதால், வாடகை உயர்வு பற்றி உறுப்பினர்கள் மக்களவையில் எத்தனை கேள்வி எழுப்பினாலும், இது மாநிலப் பொருள் என்ற பதிலில்தான் அமைச்சகம் வந்து நிற்கிறது.

நாடாளுமன்றம் தானே வாடகைச் சட்டம் இயற்றக்கூடிய டெல்லிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக டெல்லி வாடகைச் சட்டம் 1995இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. குறைந்த வாடகையில் பல்லாண்டுகளாகக் கடை வைத்திருந்த வணிகர்கள் கடுமையாக எதிர்த்ததால், அது நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்கவே இல்லை. ஆகவே ஒரு சட்டம் நிறைவேறியது என்று கேள்விப்பட்டால், அது எங்கே, எந்த நாள் முதல் நடப்புக்கு வந்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பழக வேண்டும்.

வேலூரில் உள்ள வாடகை வீட்டைப் பொதுவாக ஆள்வது, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அது 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில், இதற்கு மாறான உடன்பாடு இருந்தாலன்றி என்ற பொருள்படும் சில சொற்கள் உள்ளன. உச்சவரம்பின் பயனை அந்தச் சில சொற்களே கரைத்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி என்று சொல்லும் உரிமையாளர், அதையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், குடிவருபவருக்குக் கேள்வி கேட்க வழியில்லாமல் போகிறது. குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரையாவது சட்டமன்றம் அந்த விதிவிலக்கை நீக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதை மட்டும் இப்போதைக்கு நாம் முழுமையாகப் பயன்படுத்தலாம்.

வாடகையின் அளவுக்கு இந்தச் சட்டம் உச்சவரம்பு எதுவும் வைப்பதில்லை. இதற்கு முன்பிருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரி மனு போட முடிந்தது. இப்போது இருவரும் ஒத்துக்கொண்ட தொகைதான் வாடகை. சி.எம்.சி. மருத்துவமனையும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருக்கும் ஊரில் இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. தோட்டப்பாளையத்திலும் காந்தி நகரிலும் மருத்துவமனை, கல்லூரி தேடி வருபவர்களுக்கு ஈடாகத் துப்புரவுத் தொழிலாளியாலோ கடை ஊழியராலோ வாடகை கொடுக்க இயலாது. அவர்கள் பேருந்துக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே நகர்கிறார்கள். எனினும் பழைய கட்டுப்பாட்டையே திரும்பக் கொண்டுவந்தால் தீரும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் காலி செய்யக் கோரும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததைப் பார்த்த உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அந்த அச்சத்தை அலட்சியம் செய்துவிட்டு வாடகை வீட்டுப் பற்றாக்குறையைப் பேச முடியாது.

இங்கிலாந்தில் செவிலியராகப் பணியாற்றும் உறவினர் வழியாக அங்குள்ள செய்திகளைக் கேட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதை அங்கே ஒழித்துவிட்டார்களாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2025 அக்டோபரில் அங்கே சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம், 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழியாக அப்படி வெளியேற்றும் முறையை நீக்குகிறது. நம் சட்டத்திலும் வெளியேற்றம் பற்றிய பிரிவு 21தான். ஆனால் அது குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு பெற்று மட்டுமே வெளியேற்றலாம் என்கிறது. வாடகை பாக்கி, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அந்தக் காரணங்களில் சில. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும் அவற்றில் ஒன்று என்பதைத்தான் நம் மக்கள் அறிவதில்லை. 2019க்கு முன்பு வாய்ப்பேச்சில் குடியேறி, இன்றுவரை எழுத்தில் எதுவும் இல்லாதவர்கள், "பேப்பர் இல்லாவிட்டால் வீட்டுக்காரரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேப்பர் இல்லாததையே காரணமாகக் காட்டி உரிமையாளர் அவர்கள்மீது மனு போட முடியும்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கமும் இதே வகைக் குழப்பம்தான். ஓராண்டுக்குக் குறைவான குத்தகையைப் பதிவுச் சட்டத்தின்படி பதிய வேண்டியதில்லை என்பதால் வந்த வழக்கம் அது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ காலம் எவ்வளவாயினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்கு 4-அ பிரிவு தடை விதிக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அலைவது போன்ற வேலை இதில் இல்லை. அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஒப்பந்தத்தையும் அடையாள ஆவணங்களையும் ஏற்றிப் பதிவு எண் பெறலாம். உரிமையாளர் முன்வராவிட்டால் குடியிருப்பவர் தனியாகவும் தெரிவிக்கலாம்.

அந்தப் பதிவு எண்ணின் அருமை கோடைக்காலத்தில் தெரியும். காலி செய்ய மறுக்கும் குடும்பத்துக்கு மோட்டார் சுவிட்சைப் பூட்டித் தண்ணீரை நிறுத்துவதும், மின்சார ஃபியூஸைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் என் அனுபவத்தில் மிக அதிகமாக வரும் புகார்கள். இதற்குக் காவல் நிலையத்துக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடை செய்கிறது. உடனே மீட்டுத் தரும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த தாயோடு மூன்று நாள் குடத்தில் தண்ணீர் சுமந்த ஒரு மகள், இப்படி ஒரு மனு போட முடியும் என்பதே தெரியாமல் இருந்தார். அறியாமையால் வரும் இந்தத் துன்பம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வாடகையைவிடக் கவலைக்குரியது போக்கியம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைக் குடும்பங்களில் பரவலாக இருக்கும் ஏற்பாடு இது. சில லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவார்கள். மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த பணமும் நகை விற்ற பணமும் இதில்தான் போய்ச் சேர்கின்றன. மாத வாடகை என்று ஒன்று இல்லாததால், தகராறு வரும்போது வாடகை அதிகாரியிடம் இதைக் கொண்டுசெல்வது கடினம். சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் பார்வையில் இது பெரும்பாலும் அனுபவ அடமானமாக, அதாவது பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிக்கும் அடமானமாக, கருதப்படக்கூடியது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்கு இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஆனால் நடைமுறையில் முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதி நோட்டரி முத்திரை வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பிறகு அதே வீட்டின்மீது உரிமையாளர் வங்கிக் கடன் வாங்குகிறார், தவணை தவறுகிறார், ஒரு நாள் கதவில் வங்கியின் கையகப்படுத்தும் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. பத்திரம் பதியப்பட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்திருக்கும், வங்கியும் கடனைத் தொடக்கத்திலேயே மறுத்திருக்கும். முத்திரைத் தீர்வை செலவுதான். ஆனால் லட்சக்கணக்கில் கொடுப்பவர் வில்லங்கச் சான்று பார்க்காமலும் பத்திரம் பதியாமலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

சிகிச்சைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்களிடமும் ஒரு வார்த்தை. தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். படிக்கத் தெரிந்த மொழியில் எழுதித் தரும்படி கேளுங்கள். வீடு விடுபவர்களும் அதைப் பெரிய மனதோடு செய்து தரலாம்.

அட்வான்ஸையும் மாத வாடகையையும் வங்கி வழியாகவே செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அன்றைக்கே ரசீது கேளுங்கள். மின்கட்டணத்தை மின்வாரியக் கணக்கின்படி கொடுப்பதா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுப்பதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டு இணைப்புக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தின் பயன் பல வீடுகளில் குடியிருப்பவரை எட்டுவதில்லை. காலி செய்யும் நாளில் சுவர், குழாய், கதவு ஆகியவற்றைப் படமெடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, சாவி ஒப்படைத்த தேதியை உரிமையாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டிய ஒரு மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.