40 லட்சத்துக்கு வெளியே ஓடும் கணக்கு

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். 2022 ஜனவரியில் தேர்தல் ஆணையம் வைத்த வரம்பு இது. மக்களவைக்கு 95 லட்சம். ராயபுரமோ பெரம்பூரோ ஆர்.கே. நகரோ, எல்லாவற்றுக்கும் ஒரே தொகைதான். தாக்கலாகும் கணக்குகளைப் புரட்டினால், பெரும்பாலானவை இந்த வரம்புக்கு வெகு கீழேயே முடிந்திருக்கும்.

தெருவில் நடப்பதை வைத்து ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கலாம். 250 பூத் உள்ள தொகுதி. பூத்துக்கு 5 பேர், ஆளுக்கு நாள் படி 500 ரூபாய், 10 நாள் வேலை. இதுவே 62 லட்சத்து 50 ஆயிரம் ஆகிவிடுகிறது. இன்னும் ஆட்டோவில் மைக் கட்டவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை, யாருக்கும் ஓட்டுக்குத் துட்டு கொடுக்கவில்லை. கொடுக்க ஆரம்பித்தால், ஒரு லட்சம் பேருக்குத் தலைக்கு 500 என்றாலே 5 கோடி. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் சம்பளமும் படிகளும் சேர்த்து 2017 முதல் மாதம் 1,05,000 ரூபாய். ஐந்து வருடமும் ஒரு ரூபாய் தொடாமல் சேர்த்தால் 63 லட்சம் வரும். அப்படியானால் மீதிப் பணத்தைப் போட்டவர் யார், அவருக்கு அது எந்த வழியில் திரும்பும்?

வடசென்னைக்காரர்களுக்கு இது கற்பனைக் கணக்கு அல்ல. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ஆணையம் ரத்து செய்தது. சுமார் 89 கோடி ரூபாய் பட்டுவாடா குறித்த ஆவணங்கள் வருமான வரித் துறையின் சோதனையில் சிக்கியிருந்தன. ஒரு வேட்பாளருக்கு அப்போது இருந்த வரம்பு 28 லட்சம். அந்த வருடம் டிசம்பர் 21 அன்று மறுபடி வாக்குப்பதிவு நடந்து, 24 அன்று முடிவு வரும் வரை தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை.

பணம் பெட்டியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படி வருவதில்லை. ஒருவர் வண்டிகளைத் தருவார், வாடகை கேட்க மாட்டார். அச்சகக்காரரும் பந்தல்காரரும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று கடனில் வேலை செய்வார்கள். மண்டபம் வைத்திருப்பவர் இரண்டு வாரத்துக்குச் சாவியைக் கொடுப்பார், தினமும் நூறு பேருக்குச் சாப்பாடும் அங்கேயே நடக்கும். எல்லாவற்றையும்விட வலுவானது, 'இந்த நாலு பூத்தை நான் பாத்துக்கிறேன்' என்று ஒருவர் ஏற்றுக்கொள்வது. அந்தச் செலவு வேட்பாளரின் கைக்கே வராது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஜெயித்த மறுநாள் சால்வையோடு வரும்போது அந்த நாலு பூத்தின் ஓட்டுக் கணக்கு அவர் சட்டைப் பையில் இருக்கும்.

இதன் பிறகு நடப்பதெல்லாம் லஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் இது பிடிபடாமல் போகிறது. செலவை ஏற்றவரின் போன் முதல் மணியிலேயே எடுக்கப்படும். கொருக்குப்பேட்டை வாரியக் குடியிருப்பிலிருந்து கழிவுநீர் புகாரோடு வருபவர் உதவியாளரைத் தாண்ட மாட்டார். தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்தத் தெருவுக்குப் பணி என்று பரிந்துரைப்பது எம்.எல்.ஏ. அந்தப் பரிந்துரையில், மழைநீர் தேங்கும் சந்துக்கான வேலையை விடவும் ஒப்பந்தக்காரருக்கு வசதியான வேலை மேலே ஏறிவிடலாம். தொழிற்சாலை விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்கள் எழுந்து பேசுவார்கள், பிரதிநிதி அன்று ஊரில் இருக்க மாட்டார். வராமல் இருப்பதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்தது. அந்த மாதிரி இரவில் ஒரு தொகுதிக்கு வேண்டியது, எந்த ஆலைக்காரரிடமும் கைநீட்டியிராத ஒருவர்.

வடிகட்டல் அதற்கும் முன்பே நடந்துவிடுகிறது. சீட்டுக்கான நேர்காணலில் 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க' என்று கேட்பது ஊரறிந்த செய்தி. காசிமேட்டில் வலை பின்னுகிறவரோ சங்கத்தில் இருபது வருடம் உழைத்தவரோ அந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடுகிறார். வாக்குச்சீட்டில் நாம் பார்க்கும் பெயர்கள் இதைத் தாண்டி வந்தவை.

சட்டத்தில் ஓட்டை எங்கே? கணக்கு, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான். அதற்கு முந்தைய மருத்துவ முகாம், கோயில் திருவிழா அன்னதானம், நோட்டுப் புத்தகம் எதுவும் உள்ளே வராது. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். 2003இல் கொஞ்சம் இறுக்கினார்கள், நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு மட்டும் இன்றும் வெளியே நிற்கிறது. கட்சிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரைத்தான் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். இடையில், பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரம் வந்து அதையும் மறைத்தது. 2018 மார்ச்சில் முதல் விற்பனை நடந்த நான்கு ஊர்களில் சென்னையும் ஒன்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்த பிறகே வாங்கியவர் பட்டியல் வெளியே வந்தது.

இருக்கும் விதிகளை வைத்தே வாக்காளர் செய்யக்கூடியது நிறைய உண்டு. முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சென்னை மாவட்டத் தொகுதிகளுக்கு மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், ஆகவே போக வேண்டிய இடம் ரிப்பன் மாளிகை. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதிப்படி, யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி அந்தக் கணக்கைப் பார்க்கலாம். தனிக் கட்டணத்தில் சான்றிட்ட நகலும் வாங்கலாம். வேட்பாளராகவோ கட்சிக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை.

பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கிக் கணக்கு. முதலில் பணம் வந்த வழியைப் பாருங்கள்: சொந்தப் பணம், கட்சி தந்தது, பிறரிடம் கடனாகவோ நன்கொடையாகவோ வாங்கியது என்று மூன்று அட்டவணை இருக்கும். மூன்றாவது காலியாக இருந்தால், தெருவில் ஓடிய வண்டிகள் யாருடையவை என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். அடுத்து, பணம் பெற்றவரின் பெயரும் முகவரியும். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் தொகுதி நிதிப் பணிகளின் ஒப்பந்தக்காரர் பட்டியலைக் கேளுங்கள். நாற்காலி, பந்தல், டீ, பிரியாணிக்கு மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால், குறைத்துக் காட்டியது எது என்பதும் தெரியும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட முடிவு அறிவித்ததிலிருந்து 45 நாள்தான் அவகாசம். கணக்கு 30ஆம் நாள் வந்தால், கையில் இருப்பது 15 நாள். ஆகவே படமும் வீடியோவும் தேதியோடு பிரச்சாரத்தின் போதே எடுத்து வைக்கப்பட வேண்டும். தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் தரும் சி-விஜில் செயலியில் அப்போதே புகாராகப் பதிந்தால் அதற்கும் பதிவு இருக்கும்.

வேட்பாளரின் 26ஆம் எண் பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். அதில் சொத்துப் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் கடன் பகுதியையும் இறக்கி வைத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் அதே நபர் தாக்கல் செய்யும் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.