எங்க வீட்டுல உரலே இல்ல, தம்பி

சிங்கப்பூரில் சமரசப் பேச்சுக்கு வரும் அண்டைவீட்டார் பலர் கைப்பேசியை நீட்டிக்கொண்டேதான் உட்காருவார்கள். இரவு 2.10, நாற்காலி இழுபட்டது. காலை 5.40, டொக் டொக். மாதக்கணக்கில் பதிவு இருக்கும். "நேரில் போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டால் பதில் வராது.

தொண்டூழிய நடுவராக நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி இரவு வேலை முடித்துக் காலையில் படுப்பவர். மேல்வீட்டுத் தமிழ்க் குடும்பம் விடியலில் உரல் இடிக்கிறது என்று நகர மன்றத்துக்கு எழுதினார், போலீசையும் அழைத்தார். "இந்தியர்னாலே மசாலா இடிப்போம்னு முடிவு பண்ணிட்டாங்களா?" என்று மேல்வீட்டு மகன் கொதித்தார். போலீஸ் கதவைத் தட்டிய நாளிலிருந்து அது இனச்சண்டை ஆகிவிட்டது. புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், எல்லா இனத்தாரும் கலந்து வாழ வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1989 முதல் இன விகிதம் வைத்திருக்கிறது. ஆனால் பேசிக்கொள்ள வைக்க விகிதத்தால் ஆகுமா?

அதுவரை வாய் திறக்காத பாட்டி சொன்னார்: "எங்க வீட்டுல உரலே இல்ல, தம்பி. மிக்சிதான்."

ஆன்ட்டி நம்பவில்லை. அந்தப் புளோக்கின் ஆர்சியில், அதாவது குடியிருப்பாளர் குழுவில், ஒரு மலாய் அக்கா இருந்தார். அவரை உதவிக்குக் கேட்டோம். மறுவாரம் விடிகாலையில் இரு வீட்டாரையும் படியேற்றிக் கூட்டிப் போயிருக்கிறார். சத்தம் இரண்டு மாடி தள்ளி, பக்கவாட்டு வீட்டில். கான்கிரீட் கட்டடத்தில் இடி ஓசை தளம், சுவர் வழியே பரவும். தலைக்கு மேலே கேட்பதெல்லாம் மேல்வீட்டுச் சத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பாட்டிக்கும் ஆன்ட்டிக்கும் ஆங்கிலம் வராது. அன்று படிக்கட்டில் இருவரும் பாசார் மலாயில், அதாவது சந்தையில் புழங்கும் எளிய மலாயில், பேசியிருக்கிறார்கள், பல வருடத்தில் முதல்முறையாக.

ஆர்சி என்றால் பலருக்கு டுரியான் விருந்தும் ஒருநாள் சுற்றுலாவும்தான். 1978இல் தொடங்கிய இந்த அமைப்பில் இருப்பவர்கள் உங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் தொண்டூழியர்கள். அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. "ஆர்சிக்குச் சொன்னேன், ஒண்ணும் கிழிக்கல" என்று புலம்புவோர் எதிர்பார்த்தது அந்த அதிகாரத்தைத்தான். அவர்களிடம் இருப்பது வேறு: எந்த வீட்டில் யார், எந்த நேரத்தில் தட்டினால் கதவு திறக்கும் என்ற விவரம். நகர மன்றத்தின் வேலை மின்தூக்கி, நடைபாதை போன்ற பொது இடங்கள்.

அதற்கும் மேலே 1998 முதல் சமூக சமரச நிலையம் இருக்கிறது. 2015இல் அண்டைவீட்டார் பூசல்களுக்கென்றே தீர்ப்பாயமும் வந்தது. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இழப்பீடு கோரலாம். வழக்கில் வென்றவரும் தோற்றவரும் அதே மின்தூக்கியில்தான் ஏறவேண்டும் என்பது வேறு கதை.

2022இல் அமைந்த அக்கம்பக்கச் சத்தம் குறித்த ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. போய்ப் பேசுவதானால் அதற்கு வெளியே போங்கள். தூக்கம் கெட்ட எரிச்சலோடு நள்ளிரவில் வேண்டாம், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டும் வேண்டாம். "நீங்கதான்" என்று தொடங்காமல், "உங்களுக்கும் இந்தச் சத்தம் கேட்குதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இடித்தவர் யாரென்று கேட்கிறீர்களா? தனியாக வாழும் ஒரு முதியவர். காது மந்தம். இப்போது உரலுக்கு அடியில் பழைய துண்டு மடித்துப் போட்டு, காலை ஒன்பது மணிக்கு மேல்தான் இடிக்கிறாராம்.