கடலோரச் சுவர்களும் அண்டார்டிக் பாறைகளும்: உப்பு எப்படி உடைக்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம், குளச்சல் பகுதிகளில் பழைய வீடுகளைப் பார்வையிடச் செல்லும் கட்டிடப் பொறியாளர் எவருக்கும் பழக்கமான காட்சி இது: செங்கல் உள்வாங்கிக் குழிந்திருக்க, இடையிலுள்ள சிமெண்ட் சாந்து மட்டும் வரப்பாகத் துருத்தி நிற்கும், விரலால் தடவினால் வெண்பொடியோடு செங்கல்லும் உதிரும். ஓதம் ஏறியதாகச் சொல்லிப் பூச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்த ஓதத்தோடு வந்து உள்ளே தங்கிவிட்ட உப்பை யாரும் கவனிப்பதில்லை.

உப்பின் வலிமையை அறிய, தண்ணீரே அரிதான ஒரு நிலத்தைப் பார்ப்பது உதவும். அண்டார்டிகாவின் மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் ஆண்டுதோறும் விழும் பனியை நீராகக் கணக்கிட்டால் 100 மி.மீ.க்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி உருகாமலே ஆவியாகிவிடுகிறது. கழுவிச் செல்ல மழை இல்லாததால், கடற்காற்றும் வளிமண்டலமும் கொண்டுவந்து சேர்த்த குளோரைடு, சல்பேட், நைட்ரேட் உப்புகள் மண்ணிலேயே நெடுங்காலமாகச் சேர்ந்துகிடக்கின்றன. கோடை வெயிலில் கரும்பாறையின் மேற்பரப்பு சூடேறும்போது, அதில் ஒட்டிய பனி சிறிதளவு உருகி, உப்பைக் கரைத்துக்கொண்டு நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. அது உலர்ந்து படிகமாக வளர்கையில் துளையின் பக்கங்களை நெருக்கிப் பாறையை மணிமணியாக உதிர்க்கிறது. உறுதியான கிரானைட்கூட அங்கே தேன்கூடு போலக் குடைபட்டு நிற்கிறது. வேதிச் சிதைவு மிக மெதுவாக நடப்பதால் களிமண் சொற்பமே. மண் என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் சரளையும் மணலும்தான்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைகளும் பாறையை ஆழமாகச் சிதைத்துச் செம்மண்ணாக்குகின்றன, உப்பைக் கரைத்துக் கடலுக்கே கொண்டுபோகின்றன. ஆனால் இறவாரத்துக்குக் கீழுள்ள சுவரில் மழை படுவதில்லை. உப்பு கழுவப்படாமல் சேர்கிற அந்த இடம், இவ்வொரு வகையில், வறண்ட பள்ளத்தாக்கின் நிலையிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகக் கரையும், குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடலோரத்தில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையிலேயே இந்த மாற்றம் நடக்கக்கூடும் என்பதால், குளிர்நாட்டுப் பாறைக்குக் கோடையில் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு நம் சுவருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

ஆகவே, பொரிந்த சுவரின்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வேறு பக்கம் வழி தேடி, உப்பையும் அங்கே கொண்டுபோகும். முதலில் ஈரம் வரும் வழியை அடைத்து, சுவரை நன்கு உலரவிட்டு, பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். பிறகு காற்றோட்டம் தரும் சுண்ணாம்புப் பூச்சு பூசலாம். காலப்போக்கில் அந்தப் பூச்சு உதிரக்கூடும், ஆனால் செங்கல் பிழைக்கும், பூச்சை மீண்டும் பூசிக்கொள்ளலாம். புதிதாகக் கட்டுவோர் கடல்மணலை அறவே தவிர்த்து, கிணற்றுநீரைப் பரிசோதித்த பின்பே கொத்தனாரிடம் கொடுக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிலையின் வரம்பு.